ஈரம் காயாத பிளாஸ்திரி

எங்க நாவலூத்து ஆம்பளைக இடது கையில ஒட்டுன பிளாஸ்திரி உரியாமப் போன கதைய ஊருக்கு ஊரு ஒரு விதமாச் சொல்றாங்க, அம்மன் குத்தம்ங்கிறவன் இருக்கான், பசை கம்பெனிக்காரன் செஞ்ச கோளாறுங்கிறவன் இருக்கான், நாலு தெரு கூடுற நாலுமூக்குல தையக்கடை போட்டு அந்தக் கைகளுக்கெல்லாம் சட்டை தச்சுக் குடுத்த செண்பகம் நான் சொல்றேன், அது அம்மனும் இல்ல, கம்பெனியும் இல்ல, எங்க ஊரு வெக்கங்கெட்டதனம், அதை நாலு பேரு முன்னால வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அன்னைக்குத்தான் பரமகுரு அண்ணாச்சி பெத்த ஒத்தைப் பொண்ணு கோமதி பெரியாசுபத்திரியில ரத்தமாக் கொட்டிக்கிட்டு உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தா.

பரமகுரு அண்ணாச்சி கெட்ட மனுசன் இல்ல. பலசரக்குக் கடை வச்சிருந்தாரு, நிறுத்துப் போட்டா முள்ளு நேரா நிக்கும், சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு மொத ஆளாப் போவாரு. ஆனா அவருக்கு மேடைன்னா ஒரு கிறுக்கு. ஊருக்கு ஏதாவது செய்யணும்னு ரத்தம் குடுக்கிறவங்க சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சாரு, அதுக்குப் பேரு வைக்கிறதுக்கே ஒரு மாசம் கூட்டம் போட்டாங்க, ரத்தம்னு சொல்லக்கூடாதாம் குருதின்னு சொல்லணுமாம், தானம்னு சொல்லக்கூடாதாம் கொடைன்னு சொல்லணுமாம், பேச்சு முத்தி கைகலப்பாகி, கடைசியில 'குருதிக் கொடை வள்ளல்கள் பேரவை'ன்னு முடிவாகுறதுக்குள்ள அவனவனுக்குப் பாதி ரத்தம் சுண்டிப் போச்சு. தொடக்க விழாவுக்கு மொத நாளே நாலுமூக்குல பிளக்ஸ் வச்சாச்சு. ஒரு சொட்டு குடுக்கிறதுக்கு முந்தியே அத்தனை பேரும் கைய கூப்பிக்கிட்டு வள்ளலா நின்னாங்க.

விழா அன்னைக்கு ரத்தம் எடுக்க வரவேண்டிய வண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சராகி நின்னுருச்சு. கல்யாண மண்டபத்துல பந்தி பெஞ்சுகளை வரிசையாப் போட்டு வெள்ளை வேட்டி விரிச்சிருக்கு, தலைமை தாங்க வந்தவரு இன்னும் ரெண்டு கல்யாணத்துக்குப் போகணும்னு கைக்கடியாரத்தைப் பாக்கிறாரு, பின்கட்டுல பிரியாணி தம்மு ஒடச்சு வாசம் மண்டபம் பூராச் சுத்துது. போட்டோக்காரன்தான் மொதல்ல சொன்னான், "சும்மா படுங்க சார், ஒரு போட்டோ எடுத்துக்கலாம், வண்டி வந்ததும் நெசமாக் குடுத்துக்கலாம்." அதுல என்ன தப்புன்னு எல்லாரும் படுத்தாங்க. பஞ்சை வச்சு பிளாஸ்திரி ஒட்டுனாங்க, பாக்க வெறுமையா இருக்குன்னு குங்குமத்தைத் தண்ணியில கொழச்சு பஞ்சு நடுவுல ஒரு பொட்டுத் தொட்டு வச்சாங்க, கைக்குள்ள வச்சு அமுக்க ரப்பர் பந்து இல்லைன்னு தலைமை தாங்க வந்தவருக்குக் குடுக்க வாங்கி வச்ச எலுமிச்சம்பழத்தை ஆளுக்கொண்ணு குடுத்தாங்க. போட்டோ அமோகமா வந்துச்சு. சாயங்காலம் வண்டி வந்து சேந்தப்ப மண்டபம் பூட்டிக் கெடக்கு, வள்ளல்கள் எல்லாம் பிரியாணி தின்னுட்டு வீட்டுல கொறட்டை விடுறாங்க. "எல்லாரும் குடுத்துட்டுப் போயிட்டாகளே"ன்னான் வாச்மேன். "குடுத்துட்டாகளா? யாருகிட்ட?"ன்னு கேட்டுட்டு டிரைவர் தலையச் சொறிஞ்சுக்கிட்டே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போனாரு.

மறுநாள் குளிக்கப் போன எவன் கையிலயும் பிளாஸ்திரி உரியல. தேங்காயெண்ணெய் போட்டு ஊற வச்சுப் பாத்தாங்க, மண்ணெண்ணெய் போட்டுப் பாத்தாங்க, வெந்நி ஊத்தி நார் போட்டுத் தேய்ச்சு சுத்தியிருந்த தோலுதான் செவந்துச்சே ஒழிய பிளாஸ்திரி அழுக்குக்கூடப் படாம இப்பத்தான் ஒட்டுன மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு, நடுவுல அந்தக் குங்குமப் பொட்டு ஈரம் காயாம ரத்தச் செவப்பா மினுங்குச்சு. அண்ணாச்சி பொஞ்சாதி சொர்ணம் மதினி அருவாமனையில நைசா நெம்பிப் பாத்துட்டு, "இது ஒங்க தலைவர் பதவி மாதிரியே இருக்கு, ஒட்டுனா விடாது போல"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாளாம்.

மொத வாரம் எல்லாரும் முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சாங்க. சித்திரை வெயில்ல எத்தனை நாள் மறைப்ப? வெளியூருக்காரங்கதான் மொதல்ல பாத்தாங்க. பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா, "ஐயா ரத்தம் குடுத்துட்டு வாரீகளா, உக்காருங்க"ன்னு எந்திரிச்சு எடம் விட்டாங்க. உக்காந்தவன் இல்லைன்னு சொல்லியிருக்கணும். எவனும் சொல்லல. அப்புறம் காய்ச்சக்காரப் பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்து, "தானம் குடுத்த கை, ஒரு தடவ தொடுங்க"ன்னாங்க, தொட்டாங்க. கோயில் கொடைத் திருவிழாவுல பிளாஸ்திரிக்காரங்களுக்கு மொதத் திருநீறு, கல்யாணத்துல மொதப் பந்தி, பொண்ணு பாக்கப் போற தரகன் வாசல்லயே, "மாப்பிள்ளை பிளாஸ்திரிக் குடும்பமாக்கும்"னு சொல்லிட்டுத்தான் செருப்பைக் கழட்டுவான். எங்கிட்ட வந்து, "செண்பகம், இடது கைய மட்டும் நாலு விரக்கடை ஏத்தித் தச்சிரு"ன்னு வரிசையில நின்னாங்க, நானும் தச்சேன், எனக்கென்ன, துணி அவங்களுது. இதைப் பாத்துட்டு விழாவுக்கே வராதவனெல்லாம் மருந்துக்கடையில பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சான், அது ரெண்டாம் நாளு வேர்வையில தொங்குச்சு. "தூ, போலிப்பய"ன்னு அவனை நாலுமூக்குல நிக்க வச்சுக் கேவலப்படுத்துனாங்க. கேவலப்படுத்துனது யாரு? உரியாத பிளாஸ்திரிக்காரங்க! கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா கேக்கிறவனுக்கு மதி எங்க போச்சும்பாங்க, எங்க ஊருல கேட்டவன் மட்டுமில்ல, சொன்னவனே சட்டியத் தூக்கிட்டு நெய் பிடிக்கப் போயிட்டான்.

ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரியும். பொண்டாட்டிமாருக்குத் தெரியும், பிரியாணி போட்டவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரிஞ்சதை யாரும் யாருகிட்டயும் சொல்லல. நம்ம ஊருக்கு ஒரு பேரு வந்திருக்கு, அதை நாமளே ஏன் கெடுக்கணும்னு ஆளாளுக்கு வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டோம்.

பேரு பரவுனா ஆளு தேடி வரும்ல? வந்தாங்க. ஒரு நாள் மத்தியானம் பக்கத்து மலையடிவாரத்துக்காரன் ஒருத்தன் கால்ல செருப்புகூட இல்லாம ஓடி வந்தான், பொண்டாட்டிக்கு ஆபரேசனாம், ரத்தம் வேணுமாம், பிளாஸ்திரி ஊருன்னு சொன்னாங்களாம். என் கடை வாசல்ல அளவு குடுத்துக்கிட்டு நின்ன மாவுமில் தவசிக்கனி அண்ணன் இடது கைய நீட்டிக் காட்டுனாரு, "இப்பத்தானப்பா குடுத்தேன், பாரு, ஈரங்கூடக் காயல, இனி மூணு மாசம் ஆகணும்ல." எல்லாப் பிளாஸ்திரிக்காரங்களுக்கும் அதே பேச்சுதான், மனப்பாடப் பாட்டு மாதிரி. அந்த மனுசன் தவசி அண்ணன் கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "நீங்க நல்லா இருக்கணும்"னு சொல்லிட்டு அடுத்த தெருவுக்கு ஓடுனான். அவன் பொண்டாட்டி பொழச்சாளா என்னன்னு நாங்க யாரும் விசாரிக்கல. நான் குனிஞ்சு சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன், ஊசி கைவிரல்ல ஏறிருச்சு, அந்த ரத்தத்தைச் சேலையில தொடச்சுக்கிட்டேன்.

இந்த நேரத்துலதான் கோமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தா. டாக்டரம்மா ஸ்கேன் பாத்துட்டு, "நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருக்கு, பிரசவத்துல ரத்தம் நெறயப் போகும், இவளுக்கு ஓ நெகட்டிவ், லேசுல கெடைக்காத குரூப்பு, ரெண்டு பேரைத் தயாரா வச்சிருங்க"ன்னு கண்டிசனாச் சொல்லியிருக்காங்க. மாமனார் வீட்டுல மதுரைக்குக் கொண்டு போறோம்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. கோமதிதான் சிரிச்சிருக்கா, "மாமா, எங்கப்பா ஓ நெகட்டிவ், தவசி மாமா ஓ நெகட்டிவ், எங்க ஊரே பிளாஸ்திரி ஊரு, ரத்தத்துக்கு நாங்களா அலையப் போறோம்?" கட்டிக்குடுத்துப் போன பிள்ளைக்கு உள்விவகாரம் ஒண்ணும் தெரியாது. அப்பன் கையப் போட்டோ எடுத்து போன்ல வச்சிருந்தா, அவ வீட்டுக்காரன்கிட்ட, அக்கம்பக்கத்துல எல்லாருகிட்டயும் காட்டுவாளாம். அண்ணாச்சி அதைக் கேட்டுட்டு இடது சட்டைக்கையக் கீழ இழுத்து விட்டுக்கிட்டாரு. மனசுக்குள்ள ஒரு கணக்கு, நேரம் வந்தா நெசமாவே குடுத்துட்டாப் போச்சு, யாருக்குத் தெரியப் போகுது.

வலி நாளுக்கு முந்தியே வந்துருச்சு. வேன்ல ஏத்திக் கொண்டு போறப்பவே சீட்டு நனஞ்சுருச்சு. பிள்ளைய வயித்தக் கீறி எடுத்துட்டாங்க, பொம்பளப்பிள்ளை, அழுதுச்சு, தாய்க்குத்தான் ரத்தம் நிக்கல. இருந்த ஒரு பையை ஏத்தியாச்சு, இன்னும் ரெண்டு பையாவது வேணும், திருநெல்வேலிக்குச் சொல்லிவிட்டிருக்கு, அது வர்ற வரைக்கும் தாங்காதுன்னுட்டாங்க. ஊரே வராந்தாவுல நின்னுச்சு. நான்தான் துணிமணியத் தூக்கிக்கிட்டு வேன்லயே போயிருந்தேன்.

ரத்த வங்கி சிஸ்டர் ஜெபராணி வெளிய வந்து, "ஓ நெகட்டிவ் யாரு?"ன்னாங்க.

"நான்தாம்மா. பெத்தவன்"னு அண்ணாச்சி முன்னால போனாரு. நான் ஏத்தித் தச்ச சட்டை. சிஸ்டர் கண்ணு நேரா பிளாஸ்திரிக்குப் போச்சு.

"ஐயா, எப்பக் குடுத்தீங்க?"

அண்ணாச்சி வாயத் தொறக்கிறதுக்குள்ள சம்பந்தி முந்திக்கிட்டாரு. "எங்க சம்பந்தி சாதாரண ஆளு இல்லம்மா, பேரவைத் தலைவரு, பெரிய வள்ளலு."

"சந்தோசம். ஆனா மூணு மாசம் ஆகாம எடுக்க முடியாதுங்கய்யா."

"இந்தக் கையில எடுங்கம்மா"ன்னு அண்ணாச்சி வலது கைய நீட்டுனாரு.

"கைதான் ரெண்டு, ரத்தம் ஒண்ணுதானய்யா."

"பழசும்மா இது, ரொம்ப நாளாச்சு."

சிஸ்டர் பஞ்சைத் தொட்டுப் பாத்தாங்க. விரல்ல செவப்பு ஒட்டுச்சு. "ஈரமா இருக்கே. உங்கள மாதிரி குடுக்கிறவங்களே கொறச்சல், உங்களப் பத்திரமாப் பாத்துக்க வேண்டாமா நாங்க?"

அந்தக் கனிவுதான் மனுசனைக் கொன்னுச்சு. அண்ணாச்சி சுத்தி நின்ன எங்களை ஒரு தடவ பாத்தாரு, மருமவனைப் பாத்தாரு, கதவைப் பாத்தாரு. "நான் குடுத்ததே இல்லம்மா"ன்னாரு. "ஆயுசுல ஒரு சொட்டுகூடக் குடுத்ததில்ல. இது போட்டோவுக்கு ஒட்டுனது. குங்குமம்மா அது, குங்குமம்."

சிஸ்டர் நம்பல. "இந்த வராந்தாவுல எத்தனை அப்பாமாரைப் பாத்திருக்கேன். பிள்ளைக்காக வயசைக் கொறச்சுச் சொல்வாங்க, சுகரை மறைப்பாங்க, முந்தாநாள் குடுத்ததை இல்லைன்னு சாதிப்பாங்க. எடுத்து உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

சம்பந்தி துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. "பாருங்கப்பா, மகளுக்காகத் தான் செஞ்ச தர்மத்தையே இல்லைங்கிறாரு மனுசன்." வராந்தாவுல நின்ன வெளியூருக்காரங்க கை எடுத்துக் கும்பிட்டாங்க. அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டாரு, பிளாஸ்திரியப் பல்லால கடிச்சு இழுத்தாரு, அது எங்க வரும்? சேந்து சொன்ன பொய், ஒத்தை ஆளு நெசத்துக்குக் கட்டுப்படுமா?

அவரு எங்க பக்கம் திரும்புனாரு. "வே தவசி, நீராவது சொல்லும்வே. நீரு குடுக்க வேண்டாம், கேட்டு வாங்குறதுக்குப் பேரு தானம் இல்ல. நடந்ததை மட்டும் சொல்லும்."

தவசிக்கனி அண்ணன் தண்ணிக் குழாய்ப் பக்கம் நின்னு கைய முதுகுக்குப் பின்னால மறைச்சாரு. சம்பந்தி வீட்டு வழியிலதான் அவரு மகனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருந்துச்சு, பிளாஸ்திரிக் குடும்பம்னு சொல்லித்தான் முடிச்சிருந்துச்சு. அவரு தரையப் பாத்தாரு. அவரு பக்கத்துல நின்னவனும் தரையப் பாத்தான். வரிசையா அத்தனை பேரும் தரையப் பாத்தாங்க. நானும்தான். உள்ள ஒரு உசுரு போய்க்கிட்டு இருக்கு, வெளிய நாங்க தரையில கல்லு எண்ணிக்கிட்டு நிக்கிறோம், இப்படி ஒரு பொழப்பு உண்டுமா?

அப்ப சொர்ணம் மதினி எந்திரிச்சு வந்தா. அதுவரைக்கும் செவத்துல சாஞ்சு உக்காந்திருந்தவ. தவசி அண்ணன் முன்னால வந்து நின்னு, "எம்புள்ள தவழுற வயசுல ஒம்ம மாவுமில்லுலதான தவழ்ந்தா, ஒம்மளத்தான மொதல்ல மாமான்னா"ன்னு ஆரம்பிச்சவ, அப்படியே எங்க எல்லாரு பக்கமும் திரும்பி, "ஏ சவங்களா! எம்புள்ள செத்தா அவ நெத்தியிலயும் ஒரு பிளாஸ்திரிய ஒட்டி அனுப்புங்க, போற எடத்துலயாவது மரியாத கெடைக்கட்டும்"னு கத்துனா பாருங்க, ஆசுபத்திரியே நின்னுருச்சு.

தவசி அண்ணன் கை முதுகுலருந்து தானா முன்னால வந்துச்சு. "நானும் ஓ நெகட்டிவ்தான், நானும் குடுக்கல சிஸ்டர்"னாரு. "எனக்கு ஊசின்னா பயம். பொண்ணு வீட்டுக்காரங்க மன்னிச்சுக்கிடணும், நாங்க வள்ளலும் இல்ல எழவும் இல்ல."

அதுக்கப்புறம் கரை ஒடப்பெடுத்த கம்மாத் தண்ணிதான். ஜவுளிக்கடைக்காரரு, "நானும் குடுக்கல, பிரியாணிக்குப் போனேன்"னாரு. லாரி ஷெட்டுக்காரரு, "நானும் குடுக்கல, பொண்டாட்டி வேண்டாம்னா"ன்னாரு. சவுண்ட் சர்வீஸ்காரரு, "நானும் குடுக்கல, எல்லாரும் படுத்தாங்க, படுத்தேன்"னாரு. நானும் குடுக்கல, நானும் குடுக்கலன்னு ஒவ்வொருத்தரா வரிசையில சொல்லிக்கிட்டே வந்து, கடைசியா ரிட்டயர்டு வாத்தியாரு மட்டும் மிச்சம், குருதின்னுதான் சொல்லணும்னு சண்டை போட்டவரு, அவரு கண்ணாடியக் கழட்டிட்டு, "நானும் ரத்தம் குடுக்கலம்மா"ன்னாரு. அவரு வாய மூடுறதுக்குள்ள அத்தனை கையிலருந்தும் பிளாஸ்திரி கழண்டு தரையில விழுந்துச்சு. யாரும் ஆச்சரியப்படல. பிளாஸ்திரி இருந்த எடத்துல வெயில் படாத வெளுப்பு, அதுல ஒரு ஊசிக்குத்துத் தடங்கூட இல்ல. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்பாங்க. புண்ணே இல்லாத கைய எங்க கொண்டு போய் வைக்க? அம்மணமா நின்ன மாதிரி கூசிக்கிட்டு நின்னாங்க.

சிஸ்டர் திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருந்தாக்கூடத் தொடச்சுக்கிட்டுப் போயிருப்போம். அவங்க கீழ கெடந்ததைப் பாத்தாங்க, எங்க மொகத்தைப் பாத்தாங்க, "காலையில சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"னு கேட்டாங்க. அவ்வளவுதான். தவசி அண்ணனைத் தனியா நிறுத்தி, "நீங்களா விரும்பித்தான வாரீங்க? கட்டாயப்படுத்தி எடுக்க மாட்டோம்"னாங்க. "விரும்பித்தாம்மா. கண்ணை மட்டும் மூடிக்கிடட்டுமா?"ன்னாரு அவரு.

எடுத்த ரத்தத்தைச் சோதிச்சு, பொருத்தம் பாத்து, உள்ள கொண்டு போற வரைக்கும் நாங்க யாரும் உக்காரல. மத்தவங்களப் பாத்து சிஸ்டர், "உங்க குரூப்பு இந்தப் பொண்ணுக்கு ஆகாது, வேற யாருக்காவது ஆகும், குடுக்கிறவங்க உக்காருங்க"ன்னாங்க. பாதிப் பேரு உக்காந்தாங்க. டீ குடிச்சிட்டு வாரேன்னு போன சிலபேரு இன்னும் டீ குடிச்சிக்கிட்டு இருக்காங்க. எனக்குக் குத்திப் பாத்துட்டு, "ரத்தம் கம்மி, முருங்கைக்கீரை தின்னுட்டு வாங்கக்கா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தா, தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.

கோமதி கண்ணு முழிச்சப்ப மொகம் வெளுத்து, உதடு காஞ்சு கெடந்தா. குழந்தையக் காட்டுனாங்க, பாத்தா, லேசாச் சிரிச்சா. அப்புறம் கால்மாட்டுல நின்ன அப்பனைப் பாத்தா. அண்ணாச்சி அவ மொகத்தைப் பாக்க முடியாம ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னாரு. வெளிய நடந்த கூத்து அவளுக்கு யாரும் சொல்லல, அவருதான் சொல்லணும்னு மதினி கண்டிப்பாச் சொல்லிட்டா. கோமதி அவரு வலது கையில புதுசா ஒட்டியிருந்த பஞ்சைப் பாத்தா. வயித்துல தையலோட படுத்துக் கெடக்கிறவ, கைய மெள்ளத் தூக்கி அந்தப் பஞ்சுக்குப் பக்கத்துல தடவிக் குடுத்தா.

"அப்பா, ரொம்ப வலிச்சுதாப்பா?"

அண்ணாச்சி வாய் கோணுச்சு. "இல்லம்மா"ன்னாரு. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு." அதைச் சொல்லிட்டு அந்த மனுசன் கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுத அழுகை இருக்கே, வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்த நாங்க யாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல.